கேமராவுக்குப் பயமா, சாலைக்குப் பயமா?

சாலைகளில் வேகத்தை அளக்கும் கேமராக்கள் விஷயத்தில் நம் தில்லித் தமிழர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. சலான் வாங்காதவர்கள் ஒரு கட்சி. சலான் வாங்கியவர்கள் மறு கட்சி. "இன்னும் நூறு கேமரா வைக்கட்டும், அப்போதுதான் இந்த ஊருக்குப் புத்தி வரும்" என்பார்கள் முதல் கட்சியார். "இதெல்லாம் கஜானாவை நிரப்பும் வேலை. கேமராவைக் கண்டதும் முன்னால் போகிறவன் சடாரென்று பிரேக் போடுகிறான், பின்னால் வருகிறவன் இடிக்கிறான். இதனால் விபத்து கூடுமே தவிரக் குறையாது" என்பார்கள் இரண்டாம் கட்சியார். முதல் கட்சியில் இருப்பவர் வீட்டுக்கு ஒரு சலான் வந்ததும் கட்சி மாறிவிடுவதும் உண்டு!

வேடிக்கை ஒருபுறம் இருக்கட்டும். மத்திய அரசின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் பத்துக்கு ஏழு பேருடைய மரணத்துக்கு அதிவேகமே காரணம் என்று அதே அறிக்கை பதிவு செய்திருக்கிறது. தில்லியில் சாலையில் உயிரிழப்பவர்களில் சுமார் பத்துக்கு நான்கு பேர் வண்டியில் போனவர்களே அல்ல, நடந்து போனவர்கள். பால் வாங்கப் போனவர்கள், கோயிலுக்குப் போனவர்கள், பஸ்ஸைப் பிடிக்க ரோட்டைக் கடந்தவர்கள். ஆகவே கேமரா வேண்டுமா, வேண்டாமா என்பது கார் வைத்திருப்பவர்களின் பணப்பை பற்றிய விஷயம் மட்டும் அல்ல. காரே இல்லாதவர்களின் உயிர் பற்றிய விஷயம்.

டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். வேகத்துக்கு வரம்பு விதிப்பது, அதை டிரைவருக்குத் தெரிவிப்பது, அவர் அதை மதித்தாரா என்று பார்ப்பது, இவை மூன்றும் எங்கள் தினப்படி வேலைகள். அந்தக் கண்ணோடு இந்தக் கேமரா விவகாரத்தைப் பார்த்தால் இரண்டு கட்சியாரிடமும் பாதி நியாயம் இருப்பது தெரியும். இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

வேகம் என்ன செய்யும்?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. குறுக்கே ஒருவர் வருவதைக் கண்டு, மூளை கட்டளையிட்டு, கால் பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கார் 25 மீட்டர் ஓடிவிடும். நல்ல டயர், காய்ந்த ரோடு என்றால் பிரேக் பிடித்து நிற்க இன்னும் 20 மீட்டர். ஆக மொத்தம் 45 மீட்டர்.

அதே கார் 80இல் வந்தால்? பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே 33 மீட்டர் போய்விடும். நிற்க இன்னும் 36 மீட்டர் வேண்டும். மொத்தம் 69 மீட்டர். அதாவது 60இல் வந்தவர் ஆளைத் தொடாமல் நின்றுவிடும் அதே இடத்தில், 80இல் வந்தவர் இன்னும் மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பார். காரில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் வெறும் இருபது. எதிரே நிற்பவருக்கு அது உயிருக்கும் மரணத்துக்கும் உள்ள வித்தியாசம். இதனால் மிச்சமாகும் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்து கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டரை நிமிஷம். அடுத்த சிக்னலிலேயே அதுவும் போய்விடும்.

சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு ஏற்படுத்தும் விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேகத்தைக் குறைத்தாக வேண்டும் என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. எப்படிக் குறைப்பது என்பதில்தான் சச்சரவு.

கேமரா பலன் தருகிறதா?

வேகக் கேமராவின் பிறப்பே ஒரு வேடிக்கை. அதற்கு ஆதாரமான கருவியைச் செய்தவர் மாரிஸ் காட்ஸோனிடஸ் என்ற டச்சு நாட்டுக் கார் பந்தய வீரர். 1953இல் மாண்டி கார்லோ பந்தயத்தில் ஜெயித்தவர். வளைவுகளில் தம் வேகத்தை அளந்து பார்த்து இன்னும் விரைவாக ஓட்டுவதற்காகத்தான் அவர் அந்த யந்திரத்தை உருவாக்கினார். வேகத்தைக் கூட்டப் பிறந்த கருவி வேகத்தை அடக்கும் கருவியானது. பிரிட்டனில் 1992இல் லண்டனின் மேற்குப் பகுதியில் அதை முதன்முதலில் சாலையோரம் நிறுத்தினார்கள்.

அதன்பின் பல நாடுகளிலும் கேமராக்கள் வந்தன, ஆய்வுகளும் நடந்தன. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு, 2010இல் இத்தகைய 35 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பரிசீலித்தது. கேமராக்கள் இருக்கும் இடங்களைச் சுற்றி உயிரிழப்பும் படுகாயமும் உண்டாக்கும் விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்திருந்தன.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஓரிடத்தில் ஒரு வருஷம் தற்செயலாக விபத்து மிகுந்தால், அங்கே எதையும் செய்யாமல் விட்டாலும் அடுத்த வருஷம் எண்ணிக்கை பழைய அளவுக்குத் திரும்பும். விபத்து மிகுந்த இடம் பார்த்தே கேமரா வைப்பதால், தானாகக் குறைந்ததும் கேமராவின் கணக்கில் சேர்ந்துவிடும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது கட்டிய தாயத்துக்கு நல்ல பெயர் கிடைப்பது போலத்தான். ஆனால் இதைக் கழித்துப் பார்த்த ஆய்வுகளிலும் பலன் முழுதாக மறைந்துவிடவில்லை.

இன்னொரு சாட்சியும் உண்டு. இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுஷயர் பகுதியில் பணமில்லை என்று சொல்லி 2010 ஆகஸ்டில் கேமராக்களை நிறுத்தி வைத்தார்கள். வேகம் மீறுகிறவர்களின் எண்ணிக்கை கூடியது. 2011 ஏப்ரலில் மறுபடியும் இயக்கினார்கள். ஆகவே கேமராவால் பலனே இல்லை என்று சொல்பவர்கள் தங்கள் சலானைப் பார்த்துப் பேசுகிறார்களே தவிர, கணக்கைப் பார்த்துப் பேசவில்லை.

கங்காருவின் பாய்ச்சல்

அப்படியானால் இரண்டாம் கட்சியார் சொல்வதெல்லாம் பொய்யா? அதுவும் இல்லை.

லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர், பிரிட்டனில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கேமராக்களைச் சுற்றி நிகழ்ந்த விபத்துகளைக் கணக்கெடுத்து 2017இல் வெளியிட்டார். கேமராவிலிருந்து 500 மீட்டர் தூரத்துக்குள் விபத்துகளும் உயிரிழப்பும் நன்றாகக் குறைந்திருந்தன. ஆனால் ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் போனதும் விபத்துகள் கூடத் தொடங்கின! கேமராவுக்கு முன் பிரேக், தாண்டியதும் ஆக்ஸிலேட்டர். இதற்குக் கங்காருப் பாய்ச்சல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

மயூர் விஹாரிலிருந்து நிஜாமுதீன் பாலம் வழியாக ஆபீசுக்குப் போய்வரும் நம் அன்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தினமும் காலையில் பார்க்கும் காட்சி அது. எங்கே கேமரா இருக்கிறது என்பதைக் கையில் இருக்கும் போனே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. குனிந்து கும்பிட்டபடி கேமராவைக் கடக்கிறார்கள். கடந்ததும் விட்ட நேரத்தையெல்லாம் வட்டியோடு பிடிக்கப் பறக்கிறார்கள். இடையில் அகப்படுபவர் ஸ்கூட்டர்காரர். முன்னால் போகும் கார் சடாரென்று வேகம் குறைந்தால் அவருக்கு வலமும் இல்லை, இடமும் இல்லை.

எனவே என் முடிவு இது. கேமரா உயிரைக் காக்கிறது, சந்தேகமில்லை. ஆனால் ஒரு புள்ளியில் நிற்கும் கேமரா அந்தப் புள்ளியை மட்டுமே காக்கிறது. மற்ற இடங்களில் அது கேமராவுக்குப் பயப்படக் கற்றுக்கொடுக்கிறதே அன்றிச் சாலைக்குப் பயப்படக் கற்றுக்கொடுப்பதில்லை.

ரயில்பாதை சொல்லும் பாடம்

ரயில்வேயில் இந்தச் சிக்கலை நெடுங்காலத்துக்கு முன்பே சந்தித்து, மூன்று வழக்கங்களால் தீர்த்தார்கள்.

முதலாவது, வரம்புக்குக் காரணம் இருக்க வேண்டும். ஒரு வளைவில் வேகம் இவ்வளவுதான் என்று எந்த அதிகாரியும் மனம்போனபடி எழுதிவிட முடியாது. வளைவின் ஆரம் என்ன, வெளித் தண்டவாளம் எவ்வளவு உயர்த்தப்பட்டிருக்கிறது என்று சூத்திரம் போட்டுக் கணக்கிட்டுத்தான் விதிக்க வேண்டும். அந்த எண்ணுக்குக் காரணம் உண்டு என்பது டிரைவருக்குத் தெரியும். அதனால் மதிப்பார்.

இரண்டாவது, வரம்பை முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். பாதையில் வேலை நடக்கிறது, வேகம் குறைக்க வேண்டும் என்றால் முந்தைய ஸ்டேஷனிலேயே டிரைவரிடம் காஷன் ஆர்டர் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். அந்த இடத்துக்கு முக்கால் கிலோமீட்டருக்கும் மேலாக முன்னதாகவே மஞ்சள் பலகை ஒன்று நிற்கும். வேகம் குறைய வேண்டிய இடத்தில் எண் எழுதிய பலகை இன்னொன்று. முடிவில், இனி வேகம் எடுக்கலாம் என்று சொல்ல மூன்றாவது பலகை. அதுகூடப் பாசஞ்சர் வண்டிக்குத் தனி, நீளமான கூட்ஸ் வண்டிக்குத் தனி! கடைசிப் பெட்டியும் கடந்த பிறகே வேகம் எடுக்க வேண்டும் என்பதால் அந்த ஏற்பாடு. ஒரு ராத்திரி அந்தப் பலகையின் விளக்கு அணைந்திருந்தாலும் எங்களுக்குத் தூக்கம் போய்விடும்.

மூன்றாவது, பயணம் முழுவதுக்கும் பதிவு இருக்க வேண்டும். என்ஜினில் வேகத்தைப் பதியும் கருவி உண்டு. அந்தக் காலத்தில் காகிதச் சுருளில் கோடாக விழும், இப்போது எலெக்ட்ரானிக் நினைவகத்தில் சேருகிறது. ஷெட்டில் அதை எடுத்துப் பார்ப்பார்கள். எந்தக் கிலோமீட்டரில் என்ன வேகம் என்பது அப்படியே வந்துவிடும். புதருக்குப் பின்னால் ஒளிந்திருந்து வேகம் பார்க்கும் திடீர் சோதனைகளும் எங்களிடம் உண்டு. ஆனால் அவை துணைக்குத்தான். டிரைவரை நேர்மையாக வைத்திருப்பது புதர் அல்ல, அந்தச் சுருள்.

காரணம், அறிவிப்பு, முழுப் பதிவு. இந்த மூன்றையும் சாலைக்குப் பொருத்திப் பாருங்கள், எது குறை என்பது புரியும்.

அறிவிப்பில்லாத வரம்பு

2019இல் நம் தலைநகரில் நடந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பழைய 24ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், நிஜாமுதீன் பாலத்துக்கும் காஜிப்பூருக்கும் இடையில் கேமராக்கள் வேலை செய்யத் தொடங்கின. 2018இல்தான் அந்தச் சாலை 14 தடங்களாக அகலப்படுத்தித் திறக்கப்பட்டிருந்தது. சாலையோரப் பலகை 70 என்று சொல்லியது. கேமராவோ 60ஐத் தாண்டியவர்களையெல்லாம் பிடித்தது. பலகையை நம்பி ஓட்டியவர்களுக்குச் சலான் மழை! சில மாதங்களுக்குள் சுமார் ஒன்றரை லட்சம் சலான்களை வாபஸ் வாங்க வேண்டியதாயிற்று.

ரூபாய் திரும்பியது சரி. நம்பிக்கை திரும்பியதா? கேமரா என்றால் பொறி, சலான் என்றால் வசூல் என்ற எண்ணம் ஒருமுறை மனத்தில் விழுந்துவிட்டால், பிறகு நியாயமான சலானையும் யாரும் நியாயமாக நினைக்க மாட்டார்கள். ரயில்வேயில் பலகை ஒன்று சொல்லி, காஷன் ஆர்டர் வேறொன்று சொன்னால் டிரைவரைத் தண்டிக்கமாட்டார்கள். பலகை வைத்தவரைத்தான் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

இதற்குப் பிறகு, 2021 ஆகஸ்டில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளில் புது விதி ஒன்றைச் சேர்த்தது. கேமரா இருப்பதை அறிவிக்கும் எச்சரிக்கைப் பலகையைக் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். கருவிக்கு ஆண்டுதோறும் அங்கீகாரச் சான்று வேண்டும். குற்றம் நடந்த பதினைந்து நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நல்ல விதிகள்தான். ஆனால் மரக்கிளைக்குப் பின்னால் மறைந்து கிடக்கும் பலகையும், அரசியல் விளம்பரம் ஒட்டிய பலகையும் அறிவிப்பு ஆகாது. அதைப் பார்த்துப் பராமரிக்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் தண்டவாளத்தில் தினமும் ஒருவர் நடந்து பார்ப்பார். சாலையில் நடப்பவர் யார்?

சராசரி வேகமே சரியான அளவு

கங்காருவைக் கட்டிப்போட வழி இருக்கிறது. ஒரு கேமராவுக்குப் பதிலாக இரண்டை வைக்க வேண்டும், இடையில் பல கிலோமீட்டர் விட்டு. முதல் கேமரா வண்டியின் நம்பரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளும். இரண்டாவது கேமராவும் குறிக்கும். தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம். வரம்பு 100 என்றால், பத்து கிலோமீட்டரை ஆறு நிமிஷத்துக்குக் குறைவாகக் கடந்தவர் வரம்பை மீறியவர். நடுவில் எங்கே குறைத்தார், எங்கே பறந்தார் என்ற கதை செல்லாது. சடாரென்று பிரேக் போட்டும் பயனில்லை. எங்கள் காகிதச் சுருளின் தம்பி என்றே இதைச் சொல்லலாம்.

பிரிட்டனில் இந்த முறை வந்த சாலைகளை ஆராய்ந்து ஆர்.ஏ.சி. ஃபவுண்டேஷன் 2016இல் வெளியிட்ட அறிக்கையில், உயிரிழப்பும் படுகாயமும் உண்டாக்கும் விபத்துகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்ததாகத் தெரிகிறது. நம் நாட்டில் மும்பை - புனே விரைவுச் சாலையில் 2024 ஜூலையில் தொடங்கிய கண்காணிப்பு ஏற்பாட்டில் சராசரி வேகக் கணக்கும் உண்டு. தலைநகரைச் சுற்றியுள்ள விரைவுச் சாலைகளிலும் இதுவே பொது முறையாக வேண்டும். நகருக்குள், பள்ளிக்கூட வாசல், ஆஸ்பத்திரி வாசல் போன்ற இடங்களில் ஒற்றைக் கேமராவே போதும். அங்கே காக்க வேண்டியது அந்த ஒரு புள்ளியைத்தானே!

தள்ளுபடி விலையில் தண்டனை

2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி வேகம் மீறிய காருக்கு அபராதம் ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய். ஆனால் விதித்த அபராதத்தில் பெரும்பகுதி நாடு முழுவதும் கட்டப்படாமலே கிடக்கிறது. "லோக் அதாலத் வரட்டும், குறைத்து முடித்துக்கொள்ளலாம்" என்று சலான்களைச் சேர்த்து வைப்பவர்களை நாம் எல்லோரும் அறிவோம். தீபாவளித் தள்ளுபடிக்குக் காத்திருப்பது போல! தண்டனை பெரிதாக இருப்பதைவிட நிச்சயமாக இருப்பது முக்கியம். ஐந்நூறு ரூபாயானாலும் பத்து நாளில் தவறாமல் வந்து சேர்ந்தால் அது திருத்தும். இரண்டாயிரமாக இருந்து இரண்டு வருஷம் கழித்து இருநூறுக்குப் பேரம் பேசப்பட்டால் அது யாரையும் திருத்தாது.

வசூலாகும் பணத்தை, அந்தச் சாலையிலேயே நடைபாதைக்கும் விளக்குக்கும் நடப்போர் கடக்கும் இடங்களுக்கும் செலவிட்டு, கணக்கை அங்கேயே ஒரு பலகையில் எழுதி வைக்கலாம். கஜானா நிரப்பும் வேலை என்ற குற்றச்சாட்டுக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

கேமராவால் ஆகாதவை

கடைசியாக ஒன்று. எல்லாவற்றுக்கும் கேமராவையே நம்பவும் கூடாது. எதிர்த்திசையில் வருபவனையும், குடித்துவிட்டு 50இல் தள்ளாடிப் போகிறவனையும், விளக்கில்லாமல் நடு ரோட்டில் நிற்கும் லாரியையும் வேகக் கேமரா கண்டுகொள்ளாது. சாலையின் அமைப்பும் பேசவேண்டும். தில்லியில் குடியிருப்புகளிலும் கடைவீதிகளிலும் வரம்பு 30 என்று 2021இல் அறிவித்தார்கள். ஆனால் ஓடுபாதை போல அகலமாகவும் நேராகவும் ரோட்டைப் போட்டுவிட்டு 30 என்று பலகை வைத்தால், ரோடு ஒன்று சொல்கிறது, பலகை ஒன்று சொல்கிறது. ஓட்டுகிறவர் ரோடு சொல்வதைத்தான் கேட்பார். தடத்தைக் குறுக்கி, நடப்பவர் கடக்கும் இடத்தை மேடாக்கினால் போலீஸ் இல்லாமலே வேகம் குறையும்.

ரயில்வே இன்று இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. கவச் என்ற ஏற்பாட்டில், டிரைவர் வரம்பை மீறினால் என்ஜினே பிரேக் போட்டுக்கொள்கிறது. ஐரோப்பிய யூனியனில் 2024 ஜூலை முதல் விற்கும் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் வேக வரம்பை அறிந்து ஓட்டுகிறவரை எச்சரிக்கும் ஏற்பாடு கட்டாயம். நம் நாட்டிலும் 2019 ஜூலை முதல் புதுக் கார்களில் 80ஐத் தாண்டினால் மணி ஒலிக்கிறது, 120ஐத் தாண்டினால் விடாமல் ஒலிக்கிறது. அந்த மணியை நிறுத்தித் தரும் மெக்கானிக்கைத் தேடிப் போகிறவர்களும் நம்மிடையே உண்டு என்பதுதான் வருத்தம்.

நம் சங்க உறுப்பினர்களில் பொறியாளர்கள் உண்டு, வக்கீல்கள் உண்டு, அரசுச் செயலகங்களில் பணியாற்றுகிறவர்களும் உண்டு. குடியிருப்போர் நலச் சங்கங்களில் பொறுப்பு வகிப்பவர்களும் பலர். அவர்கள் அனைவரையும் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் பகுதியில் கேமரா வைக்கிறார்கள் என்றால், வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ கொடி பிடிப்பதற்கு முன் மூன்று கேள்விகளை எழுத்து மூலம் கேளுங்கள். இந்த வரம்புக்குக் காரணம் என்ன? அறிவிப்புப் பலகை எங்கே, அதைப் பராமரிப்பவர் யார்? அளப்பது ஒரு புள்ளியையா, முழுத் தூரத்தையா? பதில் வரும்வரை விடாதீர்கள்.

அதுவரை, போனில் கேமரா எச்சரிக்கை கேட்டு வேகத்தைக் குறைக்கும் ஒவ்வொரு முறையும் ஒன்றை நினைத்துக்கொண்டால் நல்லது. அடுத்த ஒன்றரை கிலோமீட்டரில் ரோட்டைக் கடக்க ஒருவர் நிற்கிறார். அவரைப் பற்றி எந்தப் போனும் எச்சரிக்காது.